மிதி, புடி, வுடு

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளைக் கிழித்ததும் மேலே எழும்பி வருகிற வாசனையை எதோடு சேர்த்துச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை. லேசாகத் தித்திக்கும், கொஞ்சம் வார்னிஷ் போலவும் கொஞ்சம் சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊற்றிய ஜுர மருந்து போலவும் இருக்கும், மூக்கைத் தாண்டித் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில், எங்கள் பழைய மாரிஸ் மைனர் காரின் பக்கத்தில் முழங்காலிட்டு அந்தத் தாளைக் கிழித்தபோது, ஐம்பதைத் தாண்டிய எனக்குச் சட்டென்று ஒன்பது வயதாகிவிட்டது.

அந்த டப்பாவை வாங்கியதே ஒரு சின்னச் சண்டை போட்டுத்தான். புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் இருந்த பையன் ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டி, "மேடம், பழைய வண்டி வெச்சிருக்கவங்கல்லாம் இப்ப இதத்தான் வாங்குறாங்க. பெயிண்ட்டு மேல கொட்டுனாலும் ஒண்ணும் ஆவாது" என்றான். அது சிலிக்கான் சரக்கு. ஈரம் குடிக்காது, பெயிண்ட்டைத் தின்னாது, எல்லாம் சரிதான். ஆனால் ஊற்றும்போதே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது, பழைய சரக்கு ஒரு சொட்டு குழாயில் மிச்சம் இருந்தாலும் அதோடு ஒட்டாது. எனக்கு வழக்கமான மஞ்சள் நிறச் சரக்குதான் வேண்டும் என்றேன். அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், கடலோரத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்று அவன் எனக்கே பாடம் எடுத்தான். தம்பி, எங்கள் தெருவில் உப்பு டப்பாவே தண்ணீர் விடுகிறது, எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். நான் கொஞ்சம் வாய்க்காரிதான். பெயிண்ட் போய்விடுமே மேடம் என்று அவன் விடாமல் சொன்னான். போகட்டும் என்றேன். எங்கள் வண்டியில் பெயிண்ட் போன இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பற்றித்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கப்பல் வயிற்றிலிருந்து மூட்டையும் இரும்பும் வெளியே எடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோற்றின் முன்னால் உட்கார்ந்ததும், இரண்டு விரலை நீட்டிக் காட்டி, "இம்மாத்தூண்டு லிவரு. தொட்டா போதும், ஒரு வூட்டையே தூக்கினு போய் அந்தாண்ட வெச்சிடும். எல்லாம் எண்ணெ பண்ற வேல" என்பார். எந்தச் சாமியிடமும் அவர் அவ்வளவு நம்பிக்கை வைத்து நான் பார்த்ததில்லை. குழாய்க்குள் எண்ணெயை அடைத்து ஒரு பக்கம் தள்ளினால் அது மறுபக்கம் மலையைத் தள்ளும் என்பது அவருக்கு உலகத்திலேயே பெரிய அதிசயம். அதை அவர் தினமும் கையால் தொட்டுக்கொண்டிருந்தார்.

ராயபுரத்தில் ஒரு ரிட்டையர்டு டாக்டர் வீட்டில் தார்ப்பாய்க்கடியில் கிடந்த மாரிஸ் மைனர் எங்கள் வீட்டுக்கு வந்த கதை தனி. வந்ததும் நைனா அதற்குக் கப்பலுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட்டை அடித்தார். வெயிலில் பார்த்தால் கண் கூசும். "வூட்ல குந்தறதுக்கே எடம் இல்ல, இதுக்கு ஒரு கொட்டாயி வேற" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் முதல் தடவை ஏறியபோது கைக்குழந்தையாக இருந்த என் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்து நெற்றி முடியைச் சரிசெய்துகொண்டதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். தெரு முனை தாண்டும் வரைக்கும் அவள் முகத்தை நேராகவே வைத்துக்கொண்டிருந்தாள், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

அம்மாவுக்கு ஒரு அண்ணன். மணலி ரோட்டோரத்தில் டேங்கர் லாரிகளைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கிகளை ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். மாமாவின் கடையில் எப்போதும் நாலைந்து ஜாக்கிகள் வயிறு திறந்து கிடக்கும், பக்கத்திலேயே எண்ணெய் பாட்டில்கள் நிற்கும். கொஞ்ச நாள் கழித்து மாரிஸின் பிரேக் மிதி கீழே கீழே இறங்க ஆரம்பித்தது. ஆயில் குறைந்துவிட்டது, ஊற்ற வேண்டும். அப்போது பிரேக் ஆயில் வேண்டுமென்றால் புதுப்பேட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். நைனா அங்கே போகாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு மணலிக்குப் போய், மாமா கடையிலிருந்து ஒரு குவாட்டர் பாட்டில் நிறைய ஜாக்கி எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தார். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் விரிப்பைத் தூக்கினால் வண்டித் தரையில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குக் கீழேதான் பிரேக்கின் ஆயில் தொட்டி. அதில் ஊற்றிவிட்டு, "ஜாக்கியும் எண்ணெதான், கிரேனும் எண்ணெதான், இதுவும் எண்ணெதான்" என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். துறைமுகத்தில் வேலை செய்யாத எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. எண்ணெயைப் பற்றித் தெரியாதவன் பயந்துகொண்டு கடைக்குப் போயிருப்பான். நைனாவுக்குத்தான் எண்ணெயைப் பற்றி எல்லாம் தெரியுமே.

மழைக்காலம் முடிந்து புழல் ஏரி ததும்புகிறது என்று எல்லாரும் பார்க்கப் போனார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போனோம். திரும்பி வரும்போது வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. நைனா ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்க அது அடம் பிடித்தது. ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. முதலில் மணலிக் காற்று என்றுதான் நினைத்தோம், அந்தப் பக்கம் போனால் எப்போதும் ஏதாவது ஒரு நாற்றம் இருக்கும். இறங்கிப் பார்த்தால் நாலு சக்கரமும் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. டீக்கடையிலிருந்து தண்ணீர் வாங்கி ஊற்றினார், புஸ்ஸென்று ஆவி வந்தது. "இன்னாயா இது பேஜாரு, ஆட்டோல போயிடலாம், இத இங்கயே வுட்டுட்டு வா" என்றாள் அம்மா. நைனா கேட்கவில்லை. வண்டி கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஏறிக் கிளப்பினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நைனா பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரைக்கும் போய்த் தட்டியது, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். முன்னால் ஐஸ் பாளங்களை ஏற்றிக்கொண்டு நின்ற ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் போய் இடித்து நின்றோம். பெரிய இடி இல்லை. ஆனால் அம்மா தம்பியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டதால் தன்னைப் பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் போய், நெற்றி முன்பலகையில் மோதியது. ஐஸ் பாளம் ஒன்று சரிந்து ரோட்டில் விழுந்து உடைந்தது. ஐஸ்காரர் திட்டத்தான் இறங்கி வந்தார். அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, உடைந்ததில் ஒரு துண்டை எடுத்து, "யக்கா, இத வெச்சிக்கோ, வீங்கிடப் போவுது" என்று கொடுத்தார். அம்மா அதை வாங்கி நெற்றியில் அழுத்திக்கொண்டு, தம்பியை இடுப்பில் தூக்கி வைத்து, நைனா பக்கம் திரும்பாமலே நடக்க ஆரம்பித்தாள். நான் வண்டியையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன். பிறகு அவள் பின்னால் ஓடினேன்.

அதோடு விட்டிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியதும் தெருவே கூடிவிட்டது. என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நைனாவுக்கு வெட்கம். "எல்லாம் இவ அண்ணன் குடுத்த எண்ணெ. அதான் காலி பண்ணிடுச்சி" என்று சொல்லிவிட்டார். உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. அவரும் முறைப்பாகப் பேசாமல் இருந்தார்.

இந்த மாதிரிச் சமயங்களில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை நான். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "கொயம்பு போதுமான்னு ஒங்க நைனாவ கேளு" என்பாள் அம்மா. "போதும்னு சொல்லு" என்பார் அவர். அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் திரும்பி, "போதுமாம்" என்று சொன்ன பிறகுதான் கரண்டி கீழே இறங்கும். முதல் இரண்டு நாள் எனக்கு அது விளையாட்டாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட. பிறகு அலுத்துப்போனது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு பக்கமும் எனக்காகச் சேதி காத்துக்கொண்டிருக்கும்.

நைனா பிரேக்கைப் பிரித்துப் போட்டு, உள்ளே இருந்த ரப்பர்களையெல்லாம் காகிதத்தில் மடித்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு புது ரப்பரை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் எங்களுடையதை வைத்தார். புதுசு சட்டைப் பொத்தான் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. எங்களுடையது ராத்திரி முழுக்க ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் பொதபொதவென்று கிடந்தது.

"இன்னாத்த ஊத்துன?" என்று அவர் கேட்டார்.

"ஜாக்கி எண்ணெ."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். "நல்லா கலீஜ் பண்ணி வெச்சிகீற மாமு. எண்ணெ பட்டா இந்த ரப்பரு உப்பிக்கும். உப்பிச்சின்னா வுட்ட பிரேக்கு திரும்பி வராது, புடிச்சிகினே ஓடும், சூடாவும். அப்பால ஆயிலு கொதிச்சி உள்ள ஆவி பூந்துக்கும். மிதிச்சா ஆவிதான் அமுங்கும், பிரேக்கு புடிக்காது." நைனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். எல்லா ரப்பரையும் மாற்றி, குழாயை ஸ்பிரிட் ஊற்றிக் கழுவி, புது ஆயிலை ஊற்றி, கடைசியில் குழாயில் இருக்கிற காற்றைத் துளி மிச்சமில்லாமல் வெளியேற்ற வேண்டும் என்று அந்த ஆள் சொல்லி அனுப்பினார்.

இதற்குள் எங்கள் தெருவில் நைனாவுக்கு "ஜாக்கி" என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் மண்ணெண்ணெய் வாங்கப் போனால்கூட, "இன்னா ஜாக்கி, காருக்கா?" என்று கேட்டார்கள்.

வண்டி சீக்கிரம் சரியாகிவிடும் என்று தெரிந்த அன்றைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டு, நைனாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "வண்டி ரெடியானதும் என்னியும் கொயந்தையையும் அதுலயே கொண்டுபோய் எங்கண்ணன் வூட்ல வுடச் சொல்லு. நாலு பேரு பாக்க கூட்டினு வந்தாரு இல்ல, நாலு பேரு பாக்கவே கொண்டுபோய் வுடட்டும்." நான், "நானு?" என்று கேட்டேன். "நீ ஸ்கூலு போவ வேணாமா? நீ இங்கயே இரு. சோறு அவுரு ஆக்குவாரு" என்றாள். அவள் தகரப் பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்தாள். நான் சேதியைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, நைனா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க நான் ஒன்றையே வேண்டிக்கொண்டேன்: அந்தப் பிரேக் சரியாகவே கூடாது. எனக்குப் பிடித்த சாமி, பிடிக்காத சாமி, பள்ளிக்கூடத்து வழியில் இருந்த மாதா கோயில் எல்லாவற்றிலும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புது ரப்பர் எல்லாம் போட்டாகிவிட்டது. காற்றை எடுப்பதுதான் பாக்கி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதியை நாலைந்து தடவை மிதித்து, அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன நிப்புளைத் திருகித் திறப்பார். அதில் மாட்டிய டியூப் வழியாக ஆயிலும் காற்றுக் குமிழியும் பாட்டிலுக்குள் வரும். அவர் நிப்புளை மறுபடி மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். மூடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் வெளியே போன காற்று பின்வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், பண்ணிய வேலையெல்லாம் வீண். "மிதி, புடி, வுடு." இந்த மூன்று வார்த்தைதான் மொத்த வேலையும். ஆனால் அது சரியான நொடியில் சொல்லப்பட வேண்டும்.

தெருவில் வேறு யாரையும் கூப்பிட நைனாவுக்கு மானம் இடம்கொடுக்கவில்லை. என்னை உட்கார வைத்தார், கால் எட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மிதி மேலேயே ஏறி நின்றேன், பாதிதான் இறங்கியது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மாவ வந்து மிதிக்கச் சொல்லு" என்றார்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "இத முடிச்சா வண்டி ஓடுமான்னு கேளு."

"ஓடும்னு சொல்லு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். நைனா காருக்கு அடியில் போனார். நான் நடுவில் நின்றேன். அடியிலிருந்து "மிதிக்கச் சொல்லு" என்று வரும். நான் அம்மாவிடம் "மிதிக்கணுமாம்" என்பேன். "புடிச்சிக்கச் சொல்லு" என்று வரும், "புடிச்சிக்கணுமாம்" என்பேன். அவர் நிப்புளைத் திறந்ததும் மிதி மெல்ல இறங்கித் தரையில் முட்டும். முட்டியதும் முடிந்துவிட்டது என்று நினைத்து அம்மா காலை எடுப்பாள். அடியிலிருந்து "வுட வேணாம்னு சொல்லு" என்று அவர் கத்துவதை நான் குனிந்து கேட்டு, நிமிர்ந்து சொல்வதற்குள் டியூப்பில் காற்று உள்ளே ஏறிவிட்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே கதை. நான் என்னால் முடிந்த வேகத்தில்தான் சொன்னேன். டப்பாவில் ஆயில் இறங்கிக்கொண்டே வந்தது, குமிழி மட்டும் நிற்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. காருக்கு அடியில் நைனாவின் சட்டை நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது.

அம்மாதான் முதலில் பொறுமை இழந்தாள். "யம்மா, நீ அந்தாண்ட போ. நடுவுல நீ ஒருத்தி எதுக்கு, அதான் காத்து பூந்துகினே கீது. அடியில கெடக்குற ஆளு வாயத் தொறந்து சொல்லட்டும். அப்பத்தான் வுடுவேன்."

நான் சுவரோரம் போய் நின்றேன். பிறகு காருக்கு அடியிலிருந்து, தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"புடி."

"புடிச்சிகினுகீறேன்."

"வுடு."

அந்த மூன்று வார்த்தையையும் அவர்கள் எத்தனை தடவை சொல்லிக்கொண்டார்கள் என்று நான் எண்ணவில்லை. பின்பக்கத்து இடது சக்கரம் முடிந்து வலது, பிறகு முன்பக்கத்து இடது. குமிழி குறைந்துகொண்டே வந்தது. பிரேக் சரியாகிறது என்று எனக்குப் புரிந்தது, அழுகை முட்டியது. அதே சமயம் அவர்கள் குரல் மாறி மாறிக் கேட்பது காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது.

கடைசிச் சக்கரம் டிரைவர் பக்கத்து முன்சக்கரம். நைனாவின் தலை கிட்டத்தட்ட அம்மாவின் காலுக்கு நேர் கீழே இருந்தது. டியூப்பில் சுத்தமான ஆயில் மட்டும் வந்தது. அவர் நிப்புளை இறுக்கிவிட்டு, "வுடு" என்றார்.

அம்மா விடவில்லை.

"வுடும்மே, முடிஞ்சிபோச்சி."

"வுடமாட்டேன். எங்கண்ணன் குடுத்த எண்ணெதான்னு தெருவெல்லாம் சொல்லிகினு திரிஞ்சியே. அத இன்னொரு தபா என்கிட்ட சொல்லு. அப்பால வுடுறேன்."

கன்டெய்னர் லாரி ஒன்று மெயின் ரோட்டில் போய் முடிந்தது. "ஒங்கண்ணன் கேட்டாரு" என்றார் பிறகு. "எதுக்கு மாப்ளன்னு கேட்டாரு. காருக்குன்னா வேணாம், ரப்பர துன்னுடும்னாரு. கிரேனு ஓட்டுற எனக்கே எண்ணெயப் பத்திச் சொல்றாரேன்னு நெனச்சிகினேன். வூட்ல ஒரு ஜாக்கி கீதுன்னு பொய் சொல்லி வாங்கினு வந்தேன்."

அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "என் நெத்தில பட்டுச்சி, அத வுடு. கொயந்த மடில இருந்திச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லணும்யா. கம்முனு இருந்தா எனக்கு எப்டித் தெரியும்."

"தப்பு என்னுதுதான்" என்றார் நைனா. காருக்கு அடியில் கிடந்தபடிதான் சொன்னார். நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அம்மா காலை எடுத்தாள். மிதி டொக்கென்று மேலே வந்து நின்றது.

அவர் வெளியே வந்து, கையிலிருந்த பாட்டிலைப் பக்கத்து மட்கார்டு மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராகக் குழாயடிக்குப் போனார். வெகு நேரம் முகம் கழுவினார். அம்மா இறங்கி உள்ளே போனாள். வாசற்படியில் நின்று திரும்பி, "யோவ், பொட்டிய எடுத்து வண்டில வை" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். நைனா ஒன்றும் கேட்காமல் தகரப் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்து, மட்கார்டு மேலிருந்த பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானே ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். இறக்கிவிட்டுப் பார்க்கட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரயில்வே கேட் அன்றும் மூடியிருந்தது. நைனா தூரத்திலேயே மிதித்தார். அம்மா ஒரு கையால் தம்பியை அணைத்து, இன்னொரு கையை முன்பலகையில் ஊன்றிக்கொண்டாள். வண்டி குலுங்காமல் நின்றது. "நிக்குது" என்றாள். "ம்" என்றார்.

மணலியில் மாமா கடைக்கு முன்னால் இறங்கியதும் நைனா அவரிடம் நேராகப் போய், வேலையாட்கள், லாரிக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே, "மச்சான், தெருவுல ஒம் பேர கெடுத்துட்டேன், தப்பு என்னுது" என்றார். "அட வுடு மாப்ள" என்று மாமா எல்லாருக்கும் சோடா வாங்கிவரச் சொன்னார். வெயில் தாழ்ந்ததும் அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "போலாமாயா?" என்று நைனாவைக் கேட்டாள். என்னை இல்லை, அவரை. மாமா வழியனுப்ப வந்தவர், டிக்கியில் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா பொட்டி?" என்று கேட்டார்.

"அதுவா?" என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல். "கனம் ஏத்துனா பிரேக்கு எப்டிப் புடிக்குதுன்னு பாக்கத்தான் எடுத்தாந்தோம்."

மறுநாள் காலையில்தான் கவனித்தோம். பாட்டில் நின்ற இடத்தில், அதன் அடியில் ஒட்டியிருந்த ஆயில், கப்பல் பச்சையை வட்டமாகச் சுருட்டித் தின்றிருந்தது. நைனா அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பிரஷ்ஷை எடுத்தார். அம்மா, "கெடக்கட்டும்" என்றாள். அதன் பிறகு வண்டிக்கு எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்த வட்டத்தை விட்டுவிடச் சொல்லி, அடிக்க வருகிறவரிடம் பைத்தியக்காரக் குடும்பம் என்ற பார்வையை வாங்கிக்கொள்கிறோம்.

நைனா போய்ச் சில வருடமாகிறது. எங்கள் தெருவில் ஓட்டு வீடுகள் போய்விட்டன. மாமாவின் கடை இருந்த இடத்தில் ரோடு அகலமாகிவிட்டது. நிறையப் போய்விட்டது, எனக்கு அதிலெல்லாம் பெரிய வருத்தம் இல்லை. காருக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்த குரல் போய்விட்டதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அன்றைக்கு மடியில் இருந்த தம்பி இப்போது வெளியூரில் இன்ஜினியர். பிரேக்கில் காற்று எடுக்கிற ஒரு கைப்பம்பை வாங்கி அனுப்பியிருக்கிறான். நிப்புளில் மாட்டி உறிஞ்சினால் போதும், இன்னொரு ஆளே வேண்டாம். போன தடவை அதை வைத்துத்தான் செய்தேன், நன்றாகவே வேலை செய்தது.

இந்தத் தடவை நான் பம்பை எடுத்து மாட்டப்போகும்போது அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். "தனியா இன்னா பண்ணிகினுகீற?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சரி என்று பம்பைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு நான் காருக்கு அடியில் படுத்தேன். மிதி என்றேன், மிதித்தாள். புடி என்றேன், பிடித்துக்கொண்டாள். வுடு என்றேன், விட்டாள். வயசானாலும் காலில் பலம் குறையவில்லை. மூன்று சக்கரம் முடிந்து கடைசிச் சக்கரத்துக்கு வந்தேன். டியூப்பில் சுத்தமான ஆயில் வந்தது, நிப்புளை இறுக்கினேன்.

"வுடும்மா."

மிதி மேலே வரவில்லை.

"யம்மா, முடிஞ்சிது. வுடு."

"நீ சொன்னா நான் எப்டி வுடுறது?" என்றாள் அம்மா. அவளுக்கு நினைவு தப்பவில்லை. மளிகைக் கணக்கை இன்றைக்கும் என்னைவிட நன்றாகப் போடுவாள். "அடியில கெடக்குற ஆளு சொல்லட்டும்."

நான்தானே இப்போது அடியில் கிடக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டித் தரையில் இருந்த அந்தச் சின்ன மூடியை ஆயில் ஊற்றுவதற்காகக் கழற்றி வைத்திருந்தேன். அந்த ஓட்டை வழியாக அவள் பாதம் தெரிந்தது. மெட்டி இல்லாத விரல்கள் மிதியை அமுக்கிக்கொண்டிருந்தன. நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படுத்திருந்தேன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெகு நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே, அம்மா காலை எடுத்தாள்.